மட்கியும் மொழியும்: ராம் பஞ்ச்வானியும் நிலமிழந்த சிந்திகளும்

போசரி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் இடங்களில் ஒன்று பிம்ப்ரி கேம்ப் மார்க்கெட். நாசிக் பாட்டாவைக் கடந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் ஷகுன் சவுக் வந்துவிடும். அங்கே கடைக்காரர் வாடிக்கையாளரிடம் இந்தி பேசுவார், மாநகராட்சி ஊழியரிடம் மராத்தி பேசுவார், உள்ளே கணக்கு எழுதும் தம்பியிடம் மட்டும் வேறொரு மொழியில் ஏதோ சொல்வார். அந்த மொழி பெயர்ப்பலகையில் இருக்காது, பில் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு படம் இருக்கும். வெண்தாடி வைத்த முதியவர் ஒருவர் தாமரைமேல் அமர்ந்திருப்பார், தாமரையை மீன்கள் சுமக்கும், மீன்களுக்குக் கீழே ஆறு ஓடும். அவர் ஜூலேலால். அந்த ஆறு சிந்து.

மொழி கடைக்குள் ஒடுங்கிக் கிடக்க, தெய்வம் மட்டும் தெரு பார்த்து உட்கார்ந்திருக்கும் இந்த நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் பெரும்பங்கு ஒரு மனிதருடையது. கராச்சியில் கல்லூரி ஆசிரியராக இருந்து, பம்பாய்க்கு அகதியாக வந்து, மண்பானையை மடியில் வைத்துக்கொண்டு பாடிய பேராசிரியர் ராம் பஞ்ச்வானி (1911–1987) அவர். பஞ்ச்வானியைச் சிந்திப் பண்பாட்டின் காவலர் என்று புகழ்வது வழக்கம். அந்தப் புகழ்ச்சி பாதிதான் சரி என்பது இக்கட்டுரையின் வாதம். சிதறிப்போன சமூகம் கூடி நிற்பதற்கு ஒரு திருநாளையும் ஒரு முகத்தையும் அவருடைய பாட்டு தந்தது. அந்தச் சமூகத்தின் மொழியைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்கும் வேலையைப் பாட்டால் செய்ய முடியவில்லை. அது பாட்டின் வேலையும் அன்று.

பிரிவினையில் பஞ்சாபும் வங்காளமும் பிளவுபட்டன. சிந்து பிளக்கப்படவில்லை, முழுதாகப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்த வேறுபாட்டைத் தமிழில் பிரிவினை பற்றி எழுதுவோர் அதிகம் கவனிப்பதில்லை. லாகூரை விட்டு வந்த பஞ்சாபிக்கு அமிர்தசரஸ் இருந்தது. டாக்காவை விட்டு வந்த வங்காளிக்குக் கல்கத்தா இருந்தது. கராச்சியையும் சிந்துவிலுள்ள ஹைதராபாத்தையும் லார்க்கானாவையும் விட்டு வந்த சிந்தி இந்துவுக்குத் தன் மொழியில் பேருந்துப் பலகை படிக்கக்கூடிய ஊர் என்று இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. 1947 ஆகஸ்டில் சிந்துவில் பெரிய கலவரம் இல்லாததால் பலர் அங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தார்கள். 1948 ஜனவரி 6 அன்று கராச்சியில் நடந்த கலவரம் அந்த நினைப்பை முடித்துவைத்தது. கப்பல் கப்பலாகப் பம்பாய்க்கும் குஜராத் துறைமுகங்களுக்கும் மக்கள் வந்து இறங்கினார்கள். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவிலிருந்த சிந்தி அகதிகளைச் சுமார் 7,76,000 பேர் என்றது. பத்து லட்சத்துக்கும் மேல் என்று சொல்வோரும் உண்டு.

இவர்களில் பெருங்கூட்டம் பம்பாயை அடுத்த கல்யாணில், இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் படைக்குடியிருப்புகளில் தங்க வைக்கப்பட்டது. 1949 ஆகஸ்ட் 8 அன்று அந்த முகாம் உல்ஹாஸ்நகர் என்ற நகரமாக மாற அடிக்கல் நாட்டியவர், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. பிற்காலத்தில் எந்த நாட்டுப் பொருளையும் அச்சு அசலாகச் செய்துவிடும் ஊர் என்று அது பெயர் எடுத்தது. உல்ஹாஸ்நகர் சிந்தி அசோசியேஷனைச் சுருக்கி ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று அவர்களே கேலி பேசிக்கொண்டார்கள். கட்ச் பகுதியில் பாய் பிரதாப் என்பவர் முன்னின்று காந்திதாமையும் ஆதிப்பூரையும் எழுப்பினார். புனேக்கு வடமேற்கே பிம்ப்ரியிலும் ஒரு குடியிருப்பு எழுந்தது. ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலை 1954இல் அங்கே வந்தது. 1960களில் போசரியில் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை வந்தது. 1970இல் பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, போசரி நான்கும் சேர்ந்து ஒரு நகராட்சி ஆயின. தொழிலாளிகளாகத் தமிழர் உள்ளிட்ட பலரும் இங்கே வந்து குடியேறியபோது, சிந்திகள் ஏற்கனவே கடை வைத்திருந்தார்கள்.

பஞ்ச்வானி லார்க்கானாக்காரர். கராச்சியின் டி.ஜே. சிந்துக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அந்தக் கல்லூரியிலிருந்து இடம்பெயர்ந்த ஆசிரியர்கள் 1948இல் பம்பாயில் தொடங்கியதுதான் ஜெய்ஹிந்த் கல்லூரி. பஞ்ச்வானி அங்கே சேர்ந்தார். கதை, நாவல், நாடகம், கட்டுரை என எல்லாம் எழுதினார். ‘அனோகா ஆஸ்மூதா’ என்ற கதைத் தொகுப்புக்கு 1964இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1981இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மும்பையில் அவர் நிறுவிய சீதா சிந்து பவன் சிந்திகளின் பண்பாட்டுக் கூடமாக நிலைத்தது. இவ்வளவு எழுதியவரைச் சாதாரண சிந்திக் குடும்பம் நினைவில் வைத்திருப்பது எழுத்தாளராக அன்று. மட்கி வாசித்துப் பாடிய பேராசிரியராக.

மட்கி என்பது தண்ணீர்ப்பானை. கச்சேரிக்கென்று மானாமதுரையில் தனி மண் பதம் பார்த்து, கனமாகச் செய்து சுடும் நம் கடத்தைப் போன்றதன்று. ஒரு கை பானையின் வாயை மூடித் திறக்கும்போது அடித்தொண்டை ஒலி எழும். மற்றக் கையின் விரல்கள் வயிற்றுப் பகுதியில் தாளம் போடும். கூடவே ஒற்றைத் தந்தி இக்தாரா, கைக்கட்டை. இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. கப்பலில் வந்தவன் ஹார்மோனியத்தைக் கொண்டுவந்திருக்க மாட்டான். பானை எந்த முகாமிலும் கிடைக்கும். தேர்ந்த வித்துவான் எதிரே இருக்கிறார் என்ற கூச்சம் கேட்பவருக்கு வராது. ஒரு வரியைப் பாடகர் பாட, கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். படித்த பேராசிரியர் ஒருவர் மேடையில் பானையோடு உட்கார்ந்ததே அன்றைய மத்தியதர சிந்திகளுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். அவர்களில் பலர் ஆமில் வகுப்பினர். அரசு உத்தியோகமும் ஆங்கிலமும் பழகியவர்கள். கிராமத்துப் பாட்டை அவர்கள் கூடத்துக்கே கொண்டுவந்து வைத்தது பஞ்ச்வானி செய்த முதல் மாற்றம்.

அவருக்கு முன்மாதிரி சிந்துவிலேயே இருந்தது. ‘பகத்’ என்ற கலையில் நீளங்கியும் தலைப்பாகையும் சலங்கையும் அணிந்த பாடகர் இரவெல்லாம் பாடுவார், ஆடுவார், கதை சொல்வார். அதில் ஈடு இணையற்றவர் பகத் கன்வர் ராம் (1885–1939). பாடிச் சேர்ந்த காசை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். 1939 நவம்பரில் ருக் ரயில் நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இடம்பெயர்ந்த சிந்திகள் அவரை மறக்கவில்லை. சிந்தி மொழிக்குச் சாகித்திய அகாதெமி முதன்முதலாக 1959இல் விருது கொடுத்தபோது, அது தீரத் வசந்த் எழுதிய ‘கன்வர்’ என்ற வாழ்க்கை வரலாற்றுக்குப் போயிற்று. அதாவது, இந்தியாவில் சிந்தி இலக்கியம் பெற்ற முதல் பெரிய விருதே ஒரு பாடகரைப் பற்றிய நூலுக்கு. இன்னொரு பக்கம், கல்யாண வீடுகளில் பெண்கள் பாடும் லாடா பாடல்கள் முகாம் வாழ்க்கையிலும் நின்றுபோகவில்லை. பஞ்ச்வானியின் மேடைக்கு முன்னே கூடியவர்கள் ஏற்கனவே பாடத் தெரிந்தவர்கள். இந்தப் பெண்களின் பங்கைச் சொல்லாமல் பஞ்ச்வானியை மட்டும் போற்றும் வரலாறு குறையுள்ளது.

இனி ஜூலேலாலுக்கு வருவோம்.

பத்தாம் நூற்றாண்டில் தட்டாவை ஆண்ட மிர்க் ஷா என்பவன் மதம் மாறச் சொல்லி நெருக்கினான். மக்கள் சிந்து நதியை வேண்டினார்கள். நசர்பூரில் ஒரு குழந்தை பிறந்து அவர்களைக் காத்தது, உடேரோலால் என்றும் அழைக்கப்படும் ஜூலேலால் அந்தக் குழந்தையே என்பது ஐதிகம். அவர் பெயரையே கொண்ட உடேரோலால் என்ற ஊரில் உள்ள அவருடைய தலத்தை இந்துக்களும் முஸ்லிம்களும் இன்றும் பகிர்ந்துகொள்கிறார்கள். இத்தனைக்கும் பிரிவினைக்கு முன் எல்லாச் சிந்தி இந்துக்களுக்கும் இவர் குலதெய்வம் அல்லர். பெரும்பாலோர் குரு நானக்கின் வழி நின்றவர்கள். வீட்டில் கிரந்த சாகிபு இருந்தது. சூஃபி பீர்களிடம் போனார்கள். நதி வழிபாடு அவற்றோடு ஒன்றாக, சில பிரிவினரிடம் அழுத்தமாக இருந்தது. 1950களில் பஞ்ச்வானியும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தப் பல வழிகளில் ஒன்றை எடுத்து எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். சைத்ர மாத வளர்பிறையின் இரண்டாம் நாளான சேட்டி சந்த், சிந்திகளின் புத்தாண்டாகவும் ஜூலேலாலின் பிறந்தநாளாகவும் ஊர்வலத் திருநாளாகவும் வளர்ந்தது. பாடல்கள் முகாமிலிருந்து முகாமுக்கும், கடல் கடந்து ஹாங்காங், சிங்கப்பூர் போன்ற ஊர்களில் வணிகம் செய்த சிந்திக் குடும்பங்களுக்கும் பரவின. 1966இல் ‘ஜூலேலால்’ என்ற பெயரிலேயே ஒரு சிந்திப் படமும் வந்தது.

ஏன் ஜூலேலால்? காரணம் தேடி அதிகம் அலைய வேண்டியதில்லை. புதிய ஊரில் சிந்தி இந்துவைச் சுற்றியிருந்தவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அவன் எழுத்து அரபு எழுத்தைப் போலிருந்தது. அவன் பாடும் ஷா அப்துல் லத்தீஃபும் சச்சல் சர்மஸ்தும் சூஃபிகள். புலால் உண்பான். குருத்வாராவுக்கும் போவான், கோயிலுக்கும் போவான், தர்காவுக்கும் போவான். அகதி என்று இரங்கிய வாயே இவன் என்ன வகை இந்து என்றும் கேட்டது. ஊருக்கு எடுத்துக் காட்டக்கூடிய, அதே நேரத்தில் தங்களுக்கு மட்டுமே உரிய ஒரு தெய்வம் தேவைப்பட்டது. நதியை இழந்தவர்களுக்கு நதியையே தெய்வமாகக் கொடுத்தது சாதாரண யோசனை அன்று. மகாராஷ்டிரத்தில் குடி பாட்வா கொண்டாடும் வீட்டுக்காரருக்கு அடுத்த நாள் வரும் சேட்டி சந்த் அந்நியமாகவும் தெரியாது. பிம்ப்ரியில் பவனா ஆற்றங்கரையில் ஜூலேலால் காட் என்றே ஒரு படித்துறை இருக்கிறது. கணபதி விசர்ஜனத்துக்கு மராத்திக் குடும்பங்கள் அங்கே வருகின்றன. சேட்டி சந்தில் விளக்கும் நீர்க்கலசமும் தேங்காயும் வைத்த பஹ்ரானாவைச் சிந்திகள் ஊர்வலமாகக் கொண்டுவந்து ஆற்றில் சேர்ப்பார்கள். சிந்துவுக்குப் பதில் பவனா.

இதற்கு ஒரு விலை இருந்தது என்பதை ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். முஸ்லிம்களும் உரிமை கொண்டாடிய உடேரோலால், கொடுங்கோல் முஸ்லிம் மன்னனிடமிருந்து இந்துக்களைக் காத்த ஜூலேலாலாகச் சுருங்கிப்போனார் என்பது குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் பஞ்ச்வானியை அந்தக் கூண்டில் தனியாக நிறுத்துவது நியாயமில்லை. அவர் ஜூலேலாலை மட்டும் பாடவில்லை. ஷாவையும் சச்சலையும் சாமி என்ற கவிஞரையும் பாடினார். சூஃபிப் பாட்டை விட்டுவிட்டு நதித் தெய்வத்தை மட்டும் எடுத்துக்கொண்டது பின்னால் வந்த திருவிழாக் குழுக்களும் ஒலிபெருக்கிகளும்தான்.

மொழிக்கு வருவோம். 1853இல் ஆங்கிலேயர் ஆட்சியில் ஒழுங்குபடுத்தப்பட்ட சிந்தி எழுத்துக்கு 52 எழுத்துகள், அடிப்படை அரபு-பாரசீகம். இந்தியாவுக்கு வந்த பிறகு ஜெய்ராம்தாஸ் தௌலத்ராம் போன்றவர்கள் தேவநாகரிக்கு மாறினால்தான் பிழைக்க முடியும் என்றார்கள். எழுத்தை விட்டால் முந்நூறு வருட இலக்கியத்தை விட்டது போலத்தான் என்று எழுத்தாளர்களில் பெரும்பகுதியினர் எதிர்த்தார்கள். மத்திய அரசு கடைசியில் இரண்டு எழுத்தையும் ஏற்றது. நடுநிலை போலத் தோன்றிய அந்த முடிவு, ஏற்கனவே சிறியதாக இருந்த வாசகர் கூட்டத்தை இரண்டாக வெட்டியது. பாடநூல் இரண்டு வகை, பத்திரிகை இரண்டு வகை. எதையும் கற்றுக்கொள்ளாமல் ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் மூன்றாவது வகை, அவர்களே அதிகம்.

பாட்டுக்கு இந்தச் சண்டை இல்லை. தாத்தா அரபு எழுத்தில் எழுதிவைத்த பாட்டை, பேத்தி ரோமன் எழுத்தில் குறித்துக்கொண்டு பாடலாம், எழுதாமலே பாடலாம். பஞ்ச்வானியின் மேடை இரண்டு கட்சிக்காரர்களையும் ஒரே தரையில் உட்காரவைத்தது. அது அவருடைய வெற்றி. அந்த வெற்றியே மொழிக்குப் பாதகமாகவும் முடிந்தது என்பதுதான் இங்கே சொல்ல வரும் கசப்பு. பாடினாலே சிந்தி என்றான பிறகு, படித்தால்தான் சிந்தி என்று பிள்ளையை வற்புறுத்த யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. இதற்குச் சான்று பஞ்ச்வானியின் சொந்த நூல்களே. அவருடைய தலைமுறை எழுதியது அரபு எழுத்தில். 1964இல் விருது பெற்ற கதைகளைப் பிம்ப்ரியில் பிறந்த இன்றைய கல்லூரி மாணவர் எடுத்தால், புத்தகத்தை எந்தப் பக்கமிருந்து திறப்பது என்றே தடுமாறுவார். அதே மாணவர் சேட்டி சந்த் ஊர்வலத்தில் பாட்டைப் பிசகாமல் பாடுவார்.

புனேயிலேயே எதிர்த்திசையில் போன ஒருவர் இருந்தார். சாது டி.எல். வாஸ்வானி (1879–1966) சிந்துவிலுள்ள ஹைதராபாத்தில் 1933இல் மீரா கல்வி இயக்கத்தைத் தொடங்கியவர். 1949இல் புனே வந்து சேர்ந்தார். அவரும் பாட்டு எழுதினார்; ‘நூரி கிரந்த்’ அவருடைய சிந்திப் பாடல்களின் பெருந்தொகுப்பு. ஆனால் அவருடைய நிறுவனங்கள் சிந்திகளுக்குள் நிற்கவில்லை. 1962இல் தொடங்கிய செயின்ட் மீரா மகளிர் கல்லூரி எல்லோருக்கும் ஆங்கிலவழிக் கல்வி தந்தது. அவருக்குப் பின் வந்த தாதா ஜே.பி. வாஸ்வானி (1918–2018) உலகம் முழுவதும் ஆங்கிலத்தில் பேசினார். புனே ரயில் நிலையத்தருகே சாது வாஸ்வானி சவுக்கைக் கடக்கும் பலருக்கு அது ஒரு சிந்திக் கவிஞரின் பெயர் என்பது தெரியாது. வாஸ்வானி நிறுவனத்தை வளர்த்தார், சமூக எல்லையைக் கரைத்தார். பஞ்ச்வானி சமூக எல்லையை வரைந்தார். இரண்டு வழியிலும் பள்ளிக்கூடத்தில் சிந்தி பிழைக்கவில்லை.

இந்த ஒப்பீட்டிலிருந்து ஒன்று தெளிவாகிறது. குறை கலைஞரிடம் இல்லை, நிலத்தில் இருந்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது சிந்திக்கு இடமில்லை. பதினோரு வருடம் போராடிய பிறகு, 1967 ஏப்ரல் 10 அன்று அரசியலமைப்பின் 21ஆவது திருத்தம் சிந்தியை எட்டாம் அட்டவணையில் பதினைந்தாவது மொழியாகச் சேர்த்தது. அட்டவணை அந்த மொழியில் தேர்வு எழுதும் உரிமையைத் தரும். தாலுகா அலுவலகத்தையோ நியாயவிலைக் கடையையோ தராது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் சிந்தி பேசுவோர் 27.7 லட்சம் என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவோர், அதில் கச்சி பேசுவோரும் அடக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். தேசிய கீதத்தில் சிந்து என்ற பெயர் இருக்கலாமா என்று வழக்கு வந்து, இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. ஒரு பாட்டில் மட்டும் இடம் மிச்சமான தேசம் அது. பஞ்ச்வானி பிறந்த 1911இல்தான் அந்தப் பாட்டும் முதன்முதலாகப் பாடப்பட்டது.

மற்ற அகதிச் சமூகங்களோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். 1975 ஏப்ரலில் சைகோனை விட்டு அமெரிக்கா போன பாடலாசிரியர் நாம் லோக், அந்த நகரத்துக்கு விடைசொல்லும் பாட்டை அதே ஆண்டில் எழுதினார். பிறகு பல்லாண்டுகள் லாஸ் ஏஞ்சல்ஸில் அகதிகளைக் குடியமர்த்தும் பணியில் இருந்தார். பாட்டும் சமூகப் பணியும் ஒரே ஆளிடம் இருந்ததில் அவரும் பஞ்ச்வானியும் ஒரே இனம். ஆனால் கலிஃபோர்னியாவில் வியட்நாமியர் திரளாகக் கூடிய பகுதிகள் இருந்தன. அவர்கள் பாட்டுக்குக் கேசட், வீடியோ சந்தையும் இருந்தது. நம் பக்கம் பார்த்தால், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் சென்னையில் பர்மா பஜாரையும் அத்தோ உணவையும் உண்டாக்கினார்கள். அவர்கள் கடலோரம் வந்து இறங்கியபோதே அவர்கள் மொழி அவர்களை வரவேற்றது. ஈழத்திலிருந்து பாரிஸுக்கும் டொராண்டோவுக்கும் போனவர்களுக்கு அந்த வரவேற்பு இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளையும் அச்சு இதழ்களையும் அவர்கள் விடவில்லை. எழுத்தாளர் ஷோபாசக்தி பாரிஸில் இருந்துகொண்டு எழுதுவதை மதுரையில் படிக்க ஆள் இருக்கிறார்கள். சிந்தி எழுத்தாளருக்கும் அப்படி வாசகர்கள் உண்டு. சிந்து மாகாணத்தில் சிந்தி பள்ளியிலும் செய்தித்தாளிலும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் எல்லை அந்த வாசகரிடம் புத்தகத்தைப் போகவிடுவதில்லை. பாட்டை மட்டும் வானொலியும், இப்போது கைப்பேசியும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அகதிச் சிந்திகள் ஏன் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1989இல் ஆதிப்பூரில் அமைந்த இந்தியச் சிந்தியியல் நிறுவனம் போன்ற முயற்சிகள் நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வருகின்றன. போதாது. பஞ்ச்வானியின் குரல் மேடைப் பதிவுகளில் இருக்கிறது; அவர் பாடியதைத் தரையில் உட்கார்ந்து திருப்பிப் பாடியவர்களின் குரல் எங்கும் இல்லை. முகாம் காலத்துக் கூட்டத்தில் சிறுவர் சிறுமியராக இருந்தவர்கள் இப்போது முதுமையை எட்டியவர்கள். பிம்ப்ரி கேம்ப்பின் பழைய வீடுகளில் லாடாவும் பகத் பாட்டும் தெரிந்த மூதாட்டிகளைத் தேடிப் பிடித்துப் பதிவுசெய்ய வேண்டும். புனேப் பல்கலைக்கழக மாணவர்கள் இதை எடுத்துச் செய்யலாம். போசரியிலும் சிஞ்ச்வட்டிலும் வளர்ந்து, மராத்தியும் இந்தியும் சரளமாகப் பேசும் தமிழ் ஆய்வு மாணவர்களுக்கும் இது கைக்கெட்டும் தூரத்து வேலை. பாட்டோடு, அதைப் பாடுபவருக்கு எந்த எழுத்து தெரியும், பிள்ளைக்கு எந்த எழுத்து தெரியும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.